பின்னால் நிற்பவன்

மன்னார்த் தீவிலே பிறந்த ஆண்பிள்ளைக்குப் பேச்சு வருமுன்னே பந்து வந்துவிடும் என்று எங்கள் பக்கத்தில் வேடிக்கையாகச் சொல்வார்கள். தலைமன்னாரிலிருந்து பேசாலை, தாழ்வுபாடு, பள்ளிமுனை வரையிலும், பாலத்தைக் கடந்தால் வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை வரையிலும் நீங்கள் கரையோரமாக நடந்து பாருங்கள். கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ அண்மையில் ஒரு வெளி இருக்கும். அந்த வெளியின் இரு முனைகளிலும் இரண்டிரண்டு கம்பங்கள் நிற்கும். வெயில் தணிந்ததும் அங்கே மணல் பறக்கத் தொடங்கும். கத்தோலிக்க ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போவதில்லை. ஆகவே ஞாயிறு மாலை என்பது பந்துக்கென்றே ஒதுக்கப்பட்ட பொழுது. வலை பொத்தும் கிழவரும் அன்றைக்கு ஊசியை வைத்துவிட்டு வெளியோரம் வந்து குந்துவர்.

அந்த வெளியில் ஆள் பிரிக்கும் முறை ஒன்று உண்டு. ஓடக்கூடியவன், குள்ளமாயினும் சுழியன், பந்தைக் காலோடு ஒட்டிக்கொண்டு போகக்கூடியவன், இவர்கள் முன்னுக்குப் போவார்கள். எஞ்சியவர்களுள் உயரமும் எலும்பும் உள்ளவனைப் பார்த்து, “நீ பக்” என்பார்கள். அவ்வளவுதான். பத்திரிகையில் ‘பின்கள வீரர்’ என்று அழகாக எழுதினாலும் எங்கள் கரையில் அவன் பெயர் ‘பக்’. ‘பக்’ ஆவதற்கு எவனும் ஆசைப்படுவதில்லை; அது கிடைக்கும், ஏற்றுக்கொள்ள வேண்டும், கடைக்குட்டிக்குத் தமையனின் சட்டை கிடைப்பதுபோல.

எனக்கும் அவ்வாறே கிடைத்தது. 1970களில் பாடசாலை அணியில் நான் வலப்புறத்துப் பக். எங்களுள் சப்பாத்து வைத்திருந்தவர் இருவரோ மூவரோ; மற்றையோர் வெறுங்காலர். ஆடுகளத்தில் பாதி புல், பாதி மணல். எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்று. வைகாசியில் எழும் சோளகம் புரட்டாதி வரையில் எங்கள் தீவை விடுவதில்லை. பிற்காலத்தில் அரசாங்கம் தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகளை நட்டு, 2020 டிசம்பரில் ‘தம்பபவனி’ என்று பெயரிட்டுத் திறந்ததே, அது வீணாகவா? அந்தக் காற்றிலே உயர எழுந்த பந்து எங்கே விழும் என்பதைச் சொல்ல ஒரு தனிக் கல்வி வேண்டும். காற்றுக்கு எதிராக உதைத்த பந்து பாதி வழியில் மனம் மாறித் திரும்பி வரும்; காற்றோடு வந்த பந்து தலைக்கு மேலால் நழுவிக் கோலை நோக்கிப் போகும். முன்னுக்கு ஆடுபவன் பந்தின் பின்னே ஓடினாற் போதும். பக் ஆனவனோ பந்து புறப்படுமுன்னே அது விழுமிடத்தை அறிந்திருக்க வேண்டும். பனையோலையின் அசைவையும், கரைக்கு ஏற்றியிருந்த வள்ளங்களில் கட்டிய துணியையும் பார்த்து நாங்கள் காற்றைக் கணித்தோம். இன்றைய பையன்கள் காற்றாலையின் முகம் திரும்பியிருக்கும் திசையைப் பார்க்கிறார்கள்.

இடப்புறத்துப் பக் எருக்கலம்பிட்டிப் பையன். பெயர் சொல்வதை அவன் விரும்பமாட்டான். ஆகையால் ‘நண்பன்’ என்றே எழுதுகிறேன். என்னிலும் கட்டை, என்னிலும் வேகம், வாய் மட்டும் ஓயாது. அந்த வாய்தான் எனக்கு ஆட்டத்தைக் கற்பித்தது. எங்களுக்கிடையே இரண்டே சொற்கள்: “என்ர”, “விடு”. ‘என்ர’ என்றால் பந்து அவனுடையது. நான் அவன் பின்னே சரிந்து அவன் தவறினால் அடைக்க வேண்டும். ‘விடு’ என்றால் நான் தொடக் கூடாது. பந்து தானாகவே வெளியே போகும், அல்லது கோல் காப்பாளனின் கைக்குப் போகும். ஓர் ஆட்டத்தில் நாற்பது ஐம்பது தடவை இவ்விரு சொற்களும் பரிமாறப்படும். வெளியோரம் இருப்பவர்களுக்கு அவை கேட்பதில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பது எதிரணியின் முன்கள வீரன் எங்களிடம் வரும் தருணத்தை மாத்திரம். அந்தத் தருணம் வராமற் செய்வதே எங்கள் தொழில் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இருவர் சேர்ந்து பின்னால் நிற்பதன் நுட்பத்தைக் கரைவலை இழுத்தவர்கள் எளிதில் விளங்கிக்கொள்வர். வலையின் இரு கயிறுகளையும் இரு வரிசையாக நின்று இழுக்கிறார்கள். ஒரு வரிசை முந்தினால் மடி கோணும். மீன் ஒருபுறத்தால் போய்விடும். பின்களத்தார் ஒரே கோட்டில் முன்னேறி எதிராளியை ‘ஓவ்சைட்’ ஆக்குவதும் இதுவே. ஒருவன் அரை அடி பிந்தினால் போதும், அந்த வழியால் எல்லாம் போய்விடும்.

இந்த ஓவ்சைட் விதிக்கு ஒரு வரலாறு உண்டு. மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. 1925ஆம் ஆண்டுக்கு முன்னர், தாக்கி வருபவனுக்குப் பந்து அனுப்பப்படும்போது அவனுக்கும் கோலுக்கும் நடுவே எதிரணியார் மூவரேனும் இருக்க வேண்டுமென்பது விதி. கோல் காப்பாளனும் இரு பக்குகளுமே அந்த மூவர். ஆகவே ஒரு பக் துணிந்து முன்னே நகர்ந்தாலே எதிராளி பொறியில் விழுந்துவிடுவான். தவறினால் அடைப்பதற்கு மற்ற பக் பின்னே இருப்பான். இங்கிலாந்தில் நியூகாஸில் கழகத்துக்கு ஆடிய பில் மக்ராக்கன் என்ற ஐரிஷ்காரர் இவ்வித்தையில் கைதேர்ந்தவர். எதிரணிகள் நகரவே முடியாமற் போயின. ஆட்டம் நடுக்களத்திலேயே முடங்கியது. பார்க்க வந்தவர்கள் சலித்தார்கள். முடிவில் 1925இல் மூவர் என்பதை இருவர் ஆக்கினார்கள். கோல்கள் மழையாய்ப் பொழிந்தன. அந்த மழையைத் தாங்குவதற்காக நடுக்களத்தில் நின்ற ஒருவரைப் பின்னுக்கு இழுத்து, இரு பக்குகளுக்கும் நடுவே மூன்றாமவராக நிறுத்தினார்கள். இன்று நாம் மத்திய பின்களம் என்கிறோமே, அதன் தொடக்கம் இது. சட்டத்தை மாற்றிய முன்கள வீரர் எவரும் என் நினைவுக்கு வரவில்லை. ஒரு பக் மாற்றவைத்திருக்கிறார்.

நானும் நண்பனும் பாடசாலையை விட்ட பின்னும் ஊர்க் கழகங்களுக்கு எதிரெதிராகவும், மாவட்ட அணியென்று கூடியபோது ஒருபுறமாகவும் ஆடினோம். நான் ஆசிரியனானேன், அவன் தகப்பனாரோடு கடை வைத்தான். 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவன் குடும்பமும் தீவின் மற்றைய முஸ்லிம் குடும்பங்களோடு படகேறிக் கற்பிட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஞாயிறு வெளியில் பந்து ஆடவில்லை. பல மாதம் ஆடவில்லை. மீண்டும் ஆடத் தொடங்கியபோது இடப்புறத்தில் வேறொருவன் நின்றான், நல்லவன்தான், ஆனால் அவனுக்கு வாய் இல்லை. சில காலத்துக்குப் பின்னர் புத்தளத்திலிருந்து நண்பனின் கடிதம் வந்தது. குடும்ப நலம், பிள்ளைகள் படிப்பு எல்லாம் எழுதிவிட்டு, அடியில், “மச்சான், இடப்பக்கம் திறந்து கிடக்கும், கவனம்” என்று எழுதியிருந்தான். நான் அதற்குப் பிறகு அதிகம் ஆடவில்லை.

எங்கள் காலத்தில் பக் ஆடிய எவர்க்கும் ஒரு தெய்வம் உண்டு. அவர் சைலேன் மன்னா. இந்தப் பெயரை முதலில் கேட்டபோது, “நம்ம ஊர்ப் பேரையே வைத்திருக்கிறாரே” என்று நாங்கள் மகிழ்ந்து போனோம். அவர் வங்காளத்து ஹௌராவில் 1924இல் பிறந்தவர். 1942இல் கல்கத்தா மோகன் பகான் கழகத்தில் சேர்ந்தவர், 1960 வரையில் வேறு கழகத்தின் சட்டையை அணியவில்லை. இடப்புறத்துப் பக், எங்களைப் போலவே வெறுங்காலர்.

1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் அணி பிரான்சை எதிர்த்தது. சப்பாத்து அணிந்த பிரெஞ்சுக்காரருக்கெதிரே இந்தியர்களுள் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினர். இந்தியாவுக்கு இரண்டு தண்ட உதைகள் கிடைத்தன, இரண்டும் வீணாயின. அவற்றுள் ஒன்றை உதைத்தவர் மன்னா. தென்னாட்டவரான சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் இன்னொன்று போட்டு 2-1 என வென்றது. முன்கள வீரராயிருந்தால் அடுத்த ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டு அந்தத் தவற்றைத் துடைத்திருக்கலாம். பின்களத்தவர் எதைக்கொண்டு துடைப்பார்? மூன்று வருடம் பொறுத்து, 1951இல் புதுதில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில் மன்னா தலைமை தாங்கிய அணி இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 என வென்று தங்கம் பெற்றது. கோலைப் போட்டவர் மேவாலால். நான் பார்ப்பது மற்ற எண்ணை. ஈரானின் பக்கத்திலிருந்த சைபரை. அந்தச் சைபரில் மன்னாவின் கால் இருக்கிறது.

அதோடு நிறுத்தினால் கதை இனிமையாயிருக்கும். மறு வருடமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அவருடைய தலைமையில் இந்தியா யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனத் தோற்றது. அந்தக் குளிரிலும் பலர் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். அதன் பின்பே இந்தியாவில் சப்பாத்துக் கட்டாயமாயிற்று. மன்னாவும் சப்பாத்துக்குப் பழகிக்கொண்டு இன்னும் எட்டு வருடம் ஆடினார்.

அவரைப் பற்றி மற்றொன்று சொல்வர். பத்தொன்பது பருவங்கள் ஆடியும் மோகன் பகான் கழகத்திடமிருந்து அவர் ஊதியம் வாங்கியதில்லையாம். இந்தியப் புவியியல் ஆய்வுத் திணைக்களத்தில் வேலை பார்த்து அந்தச் சம்பளத்தில் வாழ்ந்தார். 1971இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2012இல், 87ஆம் வயதில் காலமானார். இதைக் கேட்ட காலத்தில் எனக்கு மெய் சிலிர்த்தது. இப்போது கேட்டால் சிறிது தயக்கமும் உண்டாகிறது. நிலையான அரசாங்க உத்தியோகம் இருந்தவருக்கு அந்தத் தூய்மை கைகூடியது. தகப்பன் கடனோடு தோணி ஓட்டுகின்ற வீட்டில் பிறந்த பையனிடம், “மன்னாவைப் போல் பணம் கேளாமல் ஆடு” என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஊதியம் வாங்கி ஆடுவதிலும் பக்குக்கு ஒரு குறை உண்டு. உலகம் அவனைக் கணக்கெடுக்கும் முறையே வேறு. ஐரோப்பாவில் 1956 முதல் ‘தங்கப் பந்து’ என்ற விருது வழங்கி வருகிறார்கள். 2024 வரையில் அதைப் பெற்ற பின்கள வீரர்கள் மூவரே: ஜெர்மனியின் பெக்கன்பவர் 1972லும் 1976லும்; அதே நாட்டின் சமர் 1996இல்; இத்தாலியின் கன்னவாரோ 2006இல். அவர்களுள் முதல் இருவரும் பின்னாலிருந்து புறப்பட்டுப் போய்த் தாக்குதலை நடத்தியதற்காகவும் புகழப்பட்டவர்கள். பின்னால் நின்று தடுத்ததற்கென்றே பெற்றவர் நேப்பிள்ஸ் துறைமுக நகரத்துக் கன்னவாரோ ஒருவர்தான் என்பது என் கணக்கு. அவரும் நெட்டையரல்லர், ஐந்தடி ஒன்பது அங்குலம் இருப்பார். கட்டையான பையன்களை ‘பக் ஆகாது’ என்று ஒதுக்கும் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன், ஏற்பாரில்லை.

தமிழ்ப் பெயர்கள் இத்தொழிலில் இல்லாமலில்லை. 1972இல் மியூனிச் ஒலிம்பிக்குக்குச் சென்ற மலேசிய அணியின் தலைவர் எம். சந்திரன் பின்கள வீரர். அந்த அணி மேற்கு ஜெர்மனியிடமும் மொரோக்கோவிடமும் தோற்றாலும் அமெரிக்காவை 3-0 என வென்றது. சிங்கப்பூரின் ஆர். சசிகுமார் தொழின்முறைப் பின்கள வீரராக வாழ்ந்தவர். 1998 செப்டெம்பரில் ஹனோய் நகரில், வியட்நாமுக்கெதிரான ‘டைகர்’ கிண்ண இறுதியாட்டத்தில், பந்து அவருடைய தோளில் பட்டுக் கோலுக்குள் போய்ச் சிங்கப்பூருக்கு முதல் முறையாக அக்கிண்ணத்தை ஈட்டிக் கொடுத்தது. ஆட்டம் முழுவதும் அவர் தலையாலும் காலாலும் தடுத்தவை எத்தனையோ; ஊர் நினைவில் வைத்திருப்பது அந்தத் தோளை. நான் குறை கூறவில்லை. தோளாவது கிடைத்ததே.

நினைக்கப்படுவதற்கு இன்னொரு வழியும் உண்டு, அது கொடியது. கொலம்பியாவின் அந்திரேஸ் எஸ்கோபார் அமைதியான, நேர்த்தியான பின்கள வீரர். 1994 ஜூன் 22ஆம் தேதி உலகக் கிண்ணத்தில் அமெரிக்காவுக்கெதிராக, குறுக்கே வந்த பந்தைத் தடுக்கக் காலை நீட்டினார். பந்து அவர் காலிற் பட்டுச் சொந்தக் கோலுக்குள் போயிற்று. காலை நீட்டாதிருந்தால் பின்னால் நின்ற எதிராளி போட்டிருக்கக்கூடும். நீட்டுவதே பக்கின் கடமை. பத்து நாட் கழித்து, ஜூலை 2ஆம் தேதி, மெடலின் நகரத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது இருபத்தேழு. அந்தச் செய்தி வந்த நாளில் நாங்கள் போரின் நடுவே இருந்தோம்; சாவுச் செய்திகள் எங்களுக்குப் புதியனவல்ல. ஆயினும் கடமைக்காகக் கால் நீட்டியவனின் சாவு என்னை நெடுநாள் விட்டகலவில்லை.

பக்கின் தொழிலில் ஒரு நன்மை உண்டென்பதையும் சொல்லாமல் விடலாகாது. அது நீண்ட தொழில். முன்கள வீரனின் செல்வம் வேகம். முப்பது கடந்தால் அது கரையத் தொடங்கும். பக்கின் செல்வம் முன்னறிவு. அது ஏறிக்கொண்டே போகும். பிரேசிலின் நில்டன் சாண்டோஸ் 1962இல் உலகக் கிண்ணத்தை வென்றபோது வயது முப்பத்தேழு. இத்தாலியின் பாவுலோ மால்டீனி 1985இல் மிலான் கழகத்துக்கு முதல் ஆட்டம் ஆடி, 2009இல் நாற்பதாம் வயதில் விடைபெற்றார். அக்கழகத்துக்காக ஆடியவை 902 ஆட்டங்கள். அவருடைய தகப்பனாரும் அதே கழகத்தின் பின்கள வீரர்.

மிலான் அங்கே இருக்கிறது. மன்னார் இங்கே இருக்கிறது. இலங்கையில் ‘தொழின்முறை’ என்ற சொல்லை உதைபந்தாட்டத்தோடு சேர்த்துச் சொல்லவே நெடுங்காலம் பிடித்தது. இங்கிலாந்தில் வீரர்களுக்கு வாரத்துக்கு 20 பவுணுக்கு மேல் கொடுக்கலாகாது என்ற உச்சவரம்பு 1961இல் நீங்கியது. நமக்கோ வரம்பு வைப்பதற்குச் சம்பளமே இல்லை. 2021இல் ‘சுப்பர் லீக்’ என்று தொழின்முறைச் சுற்றுப்போட்டி ஒன்றைத் தொடங்கினார்கள். பத்துக் கழகங்கள், வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ ஒன்றேனும் இல்லை. அவற்றுள் மூன்று முப்படையினரின் கழகங்கள். தரைப்படையின் கழகத்துக்கு ‘டிபெண்டர்ஸ்’ என்று பெயர். அதைக் கண்டு, “பக்குகளுக்கென்றே ஒரு கழகமா?” என்று என் மாணவனொருவன் கேட்டான். 2023 ஜனவரியில் உலகச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தி வைத்தது. ஆகஸ்டில் அது நீங்கியது. 2024 செப்டெம்பரில் கம்போடியாவில், ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில், இலங்கை தண்ட உதைகளால் வென்றபோது எங்கள் ஊரில் வெடி கொளுத்தினார்கள். இவ்வளவு பசியுள்ள கரைக்கு உண்ணக் கிடைப்பது இவ்வளவே.

இந்த நிலையில்தான் சென்ற வருடம் அந்தப் பையனின் காரியம் என் வாசலுக்கு வந்தது. பத்தொன்பது வயது, கடற்றொழிலாளி வீட்டின் இரண்டாவது மகன், நான் எழுத்தறிவித்தவன். மத்திய பின்களத்தில் அவனைப் போல் ஒருவனை இந்தக் கரையில் நான் அண்மையிற் கண்டதில்லை. கொழும்பிலிருந்து பயிற்றுநர் ஒருவர் திருவிழாச் சுற்றுப்போட்டிக்கு வந்தார். வந்தது இவனைப் பார்க்கவன்று. எதிரணியில் பெயர்போன முன்கள வீரன் ஒருவனைப் பார்க்க. முதற்பாதி முழுவதும் அந்த முன்கள வீரனுக்குப் பந்தே கிடைக்கவில்லை. பயிற்றுநர் பக்கத்தில் இருந்த என்னிடம், “பெடியனுக்கு இண்டைக்குச் சுகமில்லையோ?” என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் பாதியில் கால்மணி நேரம் போயிருக்கும், அவர் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, “அந்த ஐந்தாம் நம்பர் யார், மாஸ்டர்?” என்று கேட்டார். பக் ஒருவனைக் கண்டுபிடிக்க அவ்வளவு நேரம் எடுக்கும். கண்டுபிடித்தாரே என்று எனக்கு அவர்மேல் மதிப்பு உண்டாயிற்று.

வழிகள் இரண்டு இருந்தன. ஒன்று, படையணிக் கழகம்: சீருடை, மாதச் சம்பளம், ஓய்வூதியம், வைத்தியம். மற்றது, கொழும்பிலே ஒரு பொதுமக்கள் கழகம்: சிறு படி, தங்குமிடம், கழகத்துக்கு வேண்டிய ஒருவரின் களஞ்சியசாலையில் பகல் வேலை. கணக்குப் பார்த்தால் முதலாவதே சிறந்தது, எவரும் சொல்வர். ஆனால் தாய் என் முற்றத்திலே வந்து நின்று, “மாஸ்டர், அவன் பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை, அந்தச் சட்டை மட்டும் வேண்டாம்” என்றாள். போர்க்காலத்தில் கடலுக்குப் போன அவளுடைய தமையன் திரும்பவில்லை. என்னவாயிற்று என்று இன்றுவரை எவரும் சொல்லவுமில்லை. அவளோடு நான் வாதாடவில்லை. வாதாடக்கூடிய கேள்வியன்று அது.

தகப்பனுடைய கேள்வி வேறு. “இதால சீவிக்கலாமோ, மாஸ்டர்? ரெண்டு வருசம் போய்க் காலையும் முறிச்சுக்கொண்டு வந்தா, தோணியிலயும் ஏற மாட்டான்.” அது நியாயமான கேள்வி. கடற்றொழிலுக்கும் முழங்கால் வேண்டும்.

நான் பையனிடம் மூன்று காரியம் சொன்னேன். சொன்னவை பெரிய தத்துவங்களல்ல. உடன்படிக்கையை எழுத்தில் வாங்கு; வாய்ச்சொல்லை நம்பிப் பெட்டி கட்டாதே. காயம் பட்டால் வைத்தியச் செலவு யாருடையது என்பதை அதில் எழுதச் சொல். எழுத மறுத்தால் திரும்பி வா. பகல் வேலையை விளையாட்டுக்கு வழி என்று எண்ணாமல் தொழிலாகவே கற்றுக்கொள். பக்கின் காலம் நீளமானது, இருபத்தைந்தில்தான் உன்னை ஆள் மதிப்பார்கள், அதுவரை சோறு வேண்டும். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, “இடப்பக்கம் ஆடச் சொன்னா ஆடட்டோ?” என்றான். நாங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது எதைப் பற்றி, அவன் கவலைப்பட்டது எதைப் பற்றி!

அன்றிரவு நண்பனுக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னேன். அவன் இப்போது வருடத்தின் பாதியை எருக்கலம்பிட்டியிலும் பாதியைப் புத்தளத்திலும் கழிக்கிறான். பேரப்பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். பையன் சத்தம் போட்டு ஆடுவானா என்று கேட்டான். இல்லை, ஊமை என்றேன். “அப்ப போறதுக்கு முந்தி என்னட்டை ஒருக்கா அனுப்பு, மச்சான்” என்றான். அனுப்பினேன். இரண்டு மாலை வெளியிலே வைத்து என்ன சொல்லிக் கொடுத்தானோ தெரியாது. மூன்றாம் நாள் பையனின் தொண்டை கட்டியிருந்தது.

எழுத்திலான உடன்படிக்கை மூன்று கிழமை தாமதித்து வந்தது. ஒரு வருடம், காயத்துக்குச் செலவில் பாதியைக் கழகம் ஏற்கும். பாதிதான். தகப்பன் அந்தத் தாளை மடித்து, தோணிப் பதிவுப் புத்தகத்தோடு சேர்த்துப் பெட்டியில் வைத்தார். பையன் ரெயிலேறினான். முதல் ஐந்து ஆட்டங்களில் வெளியே இருக்கையில் இருந்தான். ஆறாவதில் மூத்த பக் ஒருவருக்குத் தசை பிடித்துக்கொண்டதால் இவனை இறக்கினார்கள்.

அன்று மாலை அவன் வீட்டில் நாங்கள் எல்லோரும் தொலைபேசியைச் சுற்றி இருந்தோம். ஆட்டம் எப்படி என்று கேட்டேன். “சைபர் சைபர்” என்றான். நீ எப்படி ஆடினாய் என்றேன். சிறிது நேரம் யோசித்து, “என்னத்தைச் சொல்லுறது, மாஸ்டர்? எங்கட பக்கம் ஒண்டும் நடக்கேல்லை” என்றான்.

எனக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும்போல் இருந்தது. தாய்க்கு முகம் வாடிவிட்டது. “பிள்ளை ஏதோ மனவருத்தத்தில கதைக்கிறான், மாஸ்டர். சாப்பிட்டவனோ எண்டு கேளுங்கோ” என்றாள். கேட்டேன். சாப்பிட்டானாம், கழகத்தில் அன்று கோழிக்கறி.